ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் அருகில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரத்தில் 26 ஆண்டுகளாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். தைப்பூசம் நெருங்கினால் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காகச் சாலையோரம் இரவெல்லாம் பிக்கப் வண்டிகள் நிற்கும். சுக்குக் காபி, பழச்சாறு, லைட், மைக் செட் எல்லாம் அதில்தான். முன்பு ஜெனரேட்டர் வைப்பார்கள். அந்தப் புகையும் இரைச்சலும் வேண்டாமென்று இப்போது வண்டி பேட்டரியிலேயே இன்வெர்ட்டர் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். நானே பல வண்டிகளுக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால், சென்ற மாதம் என் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்த ஒரு வண்டியைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

கணவனும் மனைவியுமாக ஜூஸ் விற்கும் வண்டி அது. 1000 வாட் இன்வெர்ட்டரைச் சீட்டுக்குப் பின்னால் வைத்து, முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரை நாலு மீட்டர் இழுத்திருந்தார்கள். கேபின் தகட்டில் ஓட்டை போட்டவர் அதில் ரப்பர் புஷ் போடவில்லை. வண்டி குலுங்கக் குலுங்கத் தகட்டின் விளிம்பு வயரை அறுத்து, பேட்டரி மைனஸோடு இணைந்திருக்கும் பாடியில் ஷார்ட் ஆகிவிட்டது. வயர் பழுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த வயரிங் செட் முழுவதும் உருகிப்போயிருந்தது. டெர்மினலைக் கழற்றப் போன கணவரின் உள்ளங்கை வெந்துவிட்டது. அந்த அம்மா உடனே இறங்கி ஓடியதால் பிழைத்தார்.

"ஃபியூஸ் போடலையா அண்ணே?" என்று கேட்டேன். "இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்குன்னு கடையில சொன்னாங்களே" என்றார்.

இந்தப் பதிலை நான் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். உள்ளே ஃபியூஸ் இருப்பது உண்மைதான். ஆனால் அது காப்பது இன்வெர்ட்டரை. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஓடும் வயரை அது காக்காது. வாய்க்கால் நடுவில் கரை உடைந்தால் கடைமடையை அடைத்து என்ன பயன்? தலைமதகை அல்லவா இறக்க வேண்டும்! இங்கே தலைமதகு பேட்டரியின் பிளஸ் டெர்மினல். அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

வீட்டு வயரிங் செய்கிறவர்கள் தடுமாறுவதும் எனக்குப் புரிகிறது. 750 வாட் மிக்சி வீட்டில் மூன்று ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். அதே மிக்சியை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால், இன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் சேர்த்து 70 ஆம்பியருக்குக் குறையாது. சுவிட்சைத் தட்டும் நொடியில் இன்னும் பல மடங்கு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. பேட்டரியின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்து பழுத்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் வேகம்.

அந்த வண்டி முன்கூட்டியே எச்சரித்தும் இருக்கிறது. இன்ஜின் ஓடினால் மிக்சி ஓடுமாம். நிறுத்தினால் இன்வெர்ட்டர் கூவி அணைந்துவிடுமாம். பேட்டரி வீக் என்று நினைத்துப் புது பேட்டரியே வாங்கிப் போட்டிருக்கிறார். பாவம்! குற்றம் வயரில் இருந்தது. போக வர எட்டு மீட்டர் மெல்லிய வயரில் 70 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட மூன்று வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்ததெல்லாம் சூடாக மாறும். ஓடும்போது வயரைத் தொட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

1000 வாட் இன்வெர்ட்டர் என்றால் நான் 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போடுவேன், முடிந்தவரை குட்டையாக. மைனஸுக்கும் அதே கனத்தில் தனிக் கேபிள் பேட்டரி வரை போகும், பாடியை நம்ப மாட்டேன். கேபிள் முனையில் மாட்டும் லக்கை முறுக்கிச் செருகாமல் கருவியால் அழுத்திப் பிடிப்பேன். ஃபியூஸ் 150 ஆம்பியர். ஃபியூஸும் அதன் ஹோல்டரும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான். இரவு முழுக்க நிற்கும் வண்டி என்றால் இன்வெர்ட்டருக்கென்று தனியாக ஒரு டியூபுலர் பேட்டரி வைப்பது நல்லது. இல்லையென்றால் விடிந்ததும் செல்ஃப் எடுக்காது. ஈரக் கையோடு வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவது வீட்டில் வருகிற அதே 230 வோல்ட், அது ஆளைக் கொல்லும்.

சரக்கு வாகனங்கள் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகின்றன. பிரேக்கையும் லைட்டையும் பார்க்கும் ஆய்வாளர்கள், பேட்டரி டெர்மினலில் கூடுதலாக ஏதாவது வயர் மாட்டியிருக்கிறதா, அதில் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். இன்வெர்ட்டர் விற்கிறவர்களும் கேபிளும் ஃபியூஸும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

அந்த எரிந்த வயரைப் பட்டறை வாசலில் தொங்க விட்டிருக்கிறேன். இன்வெர்ட்டர் மாட்ட வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். தைப்பூசத்துக்கு முன் அதன் படத்தைத் தாங்கள் வெளியிட்டால், ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியும் நாலு பேர் பார்ப்பார்கள். படம் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
ஒட்டன்சத்திரம்.