மேட்டுக்காட்டில் ஜேசிபி வேண்டாம்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். கஞ்சமலை அடிவாரத்து மேட்டுக்காடு சும்மாதானே கிடக்கிறது, ஜேசிபி விட்டுச் சமன் செய்து தேக்கு வைக்கலாம் என்று போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். வேண்டாம் கண்ணு. அங்கே கண்கிலேடி என்கிற பறவை குடியிருக்கிறது.

ஆவாரம்பூ பறிக்கப் போனபோதுதான் பார்த்தேன். கவுதாரி என்றால் கிட்டே போனதும் படபடவென்று எழும்பித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இது உசிலைப் புதர் நிழலில் அசையாமல் நின்றது. மண் நிறத்து உடம்பில் கோடு கோடாகப் பழுப்பு. அந்தப் பெரிய மஞ்சள் கண் மட்டும் இல்லையென்றால் தாண்டிப் போயிருப்பேன். இன்னும் நாலடி வைத்ததும் தலையைத் தாழ்த்திக் குடுகுடுவென்று ஓடி, கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்துவிட்டது. அப்புறம் எது பறவை, எது கல் என்றே தெரியவில்லை. எவ்வளவு அழகு தெரியுமா!

ஆட்காட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நீண்ட மஞ்சள் கால். காலின் நடுவில் தடித்துத் தெரிவதை முட்டி என்று நினைப்போம், உண்மையில் அது கணுக்கால். பகலெல்லாம் நிழலில் ஒடுங்கியிருந்து, பொழுது சாய்ந்த பிறகு பூச்சி, புழு, ஓணான் தேடிக் கிளம்பும். நிலா வெளிச்சத்தில் நாம் மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது, ஒரு சீழ்க்கை வேகமாக ஏறிக்கொண்டே போகுமே, அது இதன் குரல்தான்.

கூடு கட்டாது. கோடையில் வெறும் தரையில் ஒரு சின்னப் பள்ளம், அதில் பெரும்பாலும் இரண்டே முட்டை. கல் நிறத்தில் பழுப்புத் திட்டுகளோடு இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. ஜேசிபிக்கு எப்படித் தெரியும்? மரம் வைப்பது புண்ணியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அடர்ந்த தோப்புக்குள் இது வாழாது. கல்லும் கள்ளியும் விராலியுமாக, நாலு பக்கமும் கண்ணுக்கெட்டுகிற வெட்டவெளிதான் இதற்கு வேண்டும். அப்படிப்பட்ட இடத்தைத்தான் நாம் எல்லோரும் தரிசு என்று எழுதிவைத்து, வீட்டுமனை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உன் அப்பாவிடம் பேசிவிட்டேன். தேக்கு ஆசை இருந்தால் கிணற்றுமேட்டில் வைத்துக்கொள். மேட்டுக்காட்டில் ஆடு மேய்ப்பவரிடம் நாயை மட்டும் கூட்டி வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அவரும் சரி என்றார்.

சித்திரையில் லீவு கிடைத்தால் வா. மாப்பிள்ளையின் பைனாக்குலரையும் எடுத்து வா. நேராக அதைப் பார்த்து நடக்காமல், வேறெங்கோ போகிறவர்கள் மாதிரி பக்கவாட்டில் போனால் நின்று காட்டும்.

அன்புடன்,
அம்மா