பில் போடும் இடத்தில் இரண்டு நாள் உட்காருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். ஸ்டார்ட்அப் நிறுவனங்களைப் பற்றிய செய்தி என்றால் எத்தனை கோடி முதலீடு வந்தது என்பதுதான் முதல் வரி. அந்தப் பொருளை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள் என்பது கடைசி வரை வருவதில்லை. இதைப் படித்துவிட்டுத் தொழில் தொடங்க வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பதும் முதலீட்டாளரை எப்படிப் பிடிப்பது என்றுதான்.

கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்யும் குழுக்களில் 11 வருடமாக இருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எட்டு மாதம் செலவழித்து, திரையை அடியோடு மாற்றினோம். கடைக்காரர்களிடம் செல்போனில் படம் காட்டினோம், எல்லோரும் ‘நல்லா இருக்கு சார்’ என்றார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் அனுப்பினோம். மறுநாளே ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கார்பன் பேப்பர் வைத்த பழைய பில் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். நேரில் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது: பில் போடும் அக்கா மவுஸைத் தொடுவதே இல்லை, ஒரு கையில் துணி, இன்னொரு கை என்டர் கீயிலும் எஃப் கீகளிலும் ஓடுகிறது. அந்த ஷார்ட்கட்களை எல்லாம் பழைய முறை என்று எடுத்துவிட்டு, ஒவ்வொரு உருப்படிக்கும் மவுஸில் இரண்டு கிளிக் வைத்திருந்தோம். வரிசை வாசல் வரை நின்றது. அவர் திட்டக்கூட இல்லை, ‘பழசையே போட்டுக் கொடுத்துடுங்க தம்பி’ என்றார். அதைப் போட்டுக்கொடுக்க ஒன்பது நாள் ஆனது, ஏனென்றால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை நாங்கள் வைக்கவே இல்லை.

அதற்கு அப்புறம் நான் இருக்கும் குழுக்களில் மாற்றத்தை முதலில் ஐந்து கடைக்குத்தான் கொடுக்கிறோம், சீசன் நேரத்தில் எதையும் தொடுவதில்லை. புதிதாகச் சேரும் யாரும் புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் இரண்டு நாள் ஒரு கடையில் பில் போடும் இடத்தில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். வடிவமைப்பாளருக்கும் இதேதான்.

இன்னொன்று. நம் ஊரில் முகத்துக்கு நேராக யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ‘பார்த்துட்டுச் சொல்றேன்’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அதனால் பிடிச்சிருக்கா என்று கேட்காதீர்கள். இப்போது இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள், கணக்கு எழுதும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், 500 ரூபாயாவது அட்வான்ஸ் கேளுங்கள். கொடுக்கிறாரா இல்லையா என்பதுதான் பதில்.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் 2010-ல் அதைச் சென்னையில் தொடங்குவதற்கு முன்பு கிரீஷ் மாத்ருபூதம் சோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், அமெரிக்காவிலிருந்து வந்தபோது டிவி உடைந்து இழப்பீட்டுக்காக மாதக்கணக்கில் அலைந்ததை அவரே சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் மென்பொருள் செய்ய வந்தவருக்கு, குறையோடு காத்திருப்பது என்னவென்று சொந்த அனுபவமாகவே தெரிந்திருந்தது. வீடுகளைப் பயணிகள் தங்க வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கும் இணையதளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்களும் 2009-ல் வருமானம் ஏறாமல் தவித்தபோது, நியூயார்க்கில் கேமராவோடு வீடு வீடாகப் போய்த் தாங்களே படம் பிடித்துப் போட்டார்கள். மறுபக்கம் க்விபி. 175 கோடி டாலர் திரட்டிய நிறுவனம், ஊரடங்கில் மக்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த 2020 ஏப்ரலில், போனில் மட்டுமே பார்க்கும்படி ஒரு வீடியோ சேவையைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மூடிவிட்டார்கள்.

முதலீட்டுத் தொகையைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் செய்திதான். அடுத்த முறை ஒரு நிறுவனரைப் பேட்டி எடுக்கும்போது, போன மாதம் உங்களை விட்டுப் போன வாடிக்கையாளர் யார், ஏன் போனார் என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும், பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்