பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது: கடலூருக்கும் ஷார்ஜாவுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

பாப்பாவின் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, விசாவும் கிடைத்துவிட்டது. போனில் தனித்தனியாகச் சொன்னோம்தான். ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

ஷார்ஜாவில் பிறந்தாலும் வெளிநாட்டவர் குழந்தைக்கு ஐக்கிய அரபு எமிரேட்ஸ் குடியுரிமை கிடையாது. 120 நாளுக்குள் விசா எடுத்தாக வேண்டும். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்கு எங்கள் திருமணச் சான்றிதழ் வேண்டும். வெறும் சான்றிதழ் போதாது. சென்னையில் தமிழக அரசின் உள்துறை, அப்புறம் இந்திய வெளியுறவு அமைச்சகம், எமிரேட்ஸ் தூதரகம், கடைசியில் இங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை விழுந்திருக்க வேண்டும். நானும் பாப்பாவின் அப்பாவும் தனித்தனி வேலை விசாவில் வந்தவர்கள். அதனால் அதுவரை அதை யாரும் கேட்டதே இல்லை.

எங்கள் கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்தது. கடலூரில் பதிவும் செய்தாயிற்று. மாமனார் அந்தச் சான்றிதழைப் பத்திரமாக லேமினேட் போட்டு பீரோவில் வைத்திருந்தார். பிளாஸ்டிக் மேல் யார் முத்திரை குத்துவார்கள்? பாவம், அவர் முகத்தை வீடியோ காலில் பார்க்கவே முடியவில்லை.

சின்ன மாமாதான் பைக்கை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த ஊழியர் அம்மா பதிவு எண்ணைத் தேடி எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் மையில் பளிச்சென்று தெரியும்படி புது நகல் வாங்கித் தந்தார்கள். "ஒரு எழுத்து மாறினாலும் அங்கே திருப்பி அனுப்பிடுவாங்க" என்று எங்கள் பாஸ்போர்ட் நகல்களைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்ததும் அவர்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா, உங்களுக்குத் தெரியும், உங்களைத்தான் சொல்கிறோம். மாமா அங்கிருந்து நேரே சென்னைக்கு பஸ் ஏறினார். தபாலில் விட மனசு வரவில்லையாம்.

ஷார்ஜா பக்கம், விண்ணப்பங்களை டைப் அடித்துத் தரும் ரோலா டைப்பிங் சென்டர் சேட்டனுக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நம்மூர் வழக்கப்படி இனிஷியலோடு நிறுத்தி, சர்நேம் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னேன். அவர் டைப் அடிக்கவே மறுத்துவிட்டார். 2022 நவம்பரிலிருந்து பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் எமிரேட்ஸுக்கு விசிட் விசாவில் வருவது சிக்கல். இவள் நாளைக்கு அப்படி வரவேண்டியிருந்தால் என்ன செய்வாள் என்று கேட்டார். அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டோம். நம் ஆட்கள் எல்லோருமே இப்படிச் செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

போட்டோக்கார அண்ணனுக்குத் தனி நன்றி. வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், பிடித்திருக்கும் கை தெரியக் கூடாது. இவளோ கேமராவைப் பார்த்ததும் தூங்குவாள். கடையைச் சாத்தும் நேரம் தாண்டியும் கிலுகிலுப்பையோடு நின்றார் அந்த மனுஷன். கையெழுத்துக்குப் பதில் பெண் குழந்தைக்கு வலது கட்டைவிரல் ரேகை. அதை அப்பாவே மை தொட்டு எடுத்துவிட்டார், சட்டையெல்லாம் நீலம்.

இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவதற்கு ஒரு வருடம் அவகாசம் உண்டு. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் குழந்தைக்கு இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். விசாக் கெடு நெருக்கியதால் எங்களுக்கு அந்த ஒரு வருடம் பயன்படவில்லை. அந்தப் படிவங்களை வரிவரியாகப் படித்து நிரப்ப உதவிய பக்கத்து பிளாட் அக்காவுக்கும், டியூட்டி மாற்றிக் கொடுத்த வார்டு தோழிகளுக்கும் நன்றி.

கடைசியாகச் சின்ன மாமாவுக்கு ஒன்று. பஸ் காசு, முத்திரை வாங்கிய ஏஜென்சிக் கட்டணம் எதுவும் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் "பாப்பா பெரியவளாகித் தரட்டும்" என்கிறீர்கள். இந்த வாரத்துக்குள் கணக்கு வராவிட்டால் அத்தையின் ஜிபேயில் நாங்களே ஒரு தொகையைப் போட்டுவிடுவோம். அப்புறம் அது உங்கள் கைக்கு வருமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா, அப்பா