தேவனாம்பட்டினத்தில் மைக்கை அணைத்துவிட்டார்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சாமிநாதா,

உன் கடிதம் ஐப்பசியில் வந்தது. நான் பதில் எழுத உட்கார்ந்திருப்பது மார்கழியில். திட்டுவதையெல்லாம் பொங்கலுக்குப் பிறகு நேரில் வைத்துக்கொள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் வீட்டில் கேட்ட வடகம் மழை விட்டால்தான் காயும். கோதண்டம் மறுபடியும் வீட்டை விற்கப் போகிறானாம், நம்பாதே.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் சுனாமி நினைவு நாள். கடலில் பாலை ஊற்றிப் பூத்தூவி முடிந்ததும், என் பழைய மாணவன் ஒருவன், இப்போது ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்கிறான், "சார், நாலு வார்த்தை பேசுங்கள்" என்றான். நாலு வார்த்தையோடு நான் நிறுத்துவேனா? நீ சிரிப்பது பெங்களூரிலிருந்து இங்கே கேட்கிறது. கடைசியில் மைக்கை அணைத்துவிட்டார்கள். ஆனால் மைக் போன பிறகும் பெண்கள் யாரும் எழுந்து போகவில்லை. இதைக் குறித்துக்கொள்.

பேசியது அணுகுண்டைப் பற்றி. முகம் சுளிக்காதே, பழி உன் கடிதத்தின் மேல்தான். "அமெரிக்க அதிபரே மறுபடியும் அணுகுண்டுச் சோதனையைத் தொடங்கச் சொல்லிவிட்டார், உன் சோதனைத் தடை ஒப்பந்தமெல்லாம் இனி வெறும் காகிதம்" என்று எழுதியிருந்தாயே, அது இரண்டு மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

1954 மார்ச் 1, பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா சோதித்தது ஒரு ஹைட்ரஜன் குண்டு. ஐந்தாறு மெகாடன் (ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் வெடிமருந்தின் பலம்) என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வெடித்தது 15. குண்டின் எரிபொருளில் கலந்திருந்த லித்தியம்-7 ஒன்றும் செய்யாமல் கிடக்கும் என்று நம்பியதன் விளைவு. அபாய எல்லை என்று அறிவித்த பகுதிக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்தது ஒரு ஜப்பானியப் படகு. அதில் 23 பேர். அவர்கள்மேல் வெள்ளைச் சாம்பல் மணிக்கணக்கில் கொட்டியது. இன்னதென்று தெரியாமல் வெறுங்கையால் அள்ளிக் கொட்டினார்கள். படகின் வானொலி இயக்குநர் குபோயாமா செப்டம்பரில் இறந்துபோனார். கரையில் மீனைக் கதிர்வீச்சுக் கருவி வைத்துப் பார்த்து, டன் கணக்கில் வீசினார்கள். மீன் விலை போகவில்லை என்று நான் சொன்னதும் முன்வரிசைக் கிழவி ஒருத்தி "ஐயோ" என்றாள். குபோயாமா செத்ததற்குக்கூட அவ்வளவு சத்தம் வரவில்லை.

அடுத்த மாதமே, ஏப்ரல் 2 அன்று, சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று நேரு மக்களவையில் கேட்டார். கேட்டது நாம், சாமிநாதா. இதை நீ மறந்துவிடுகிறாய்.

தடை என்றால் திருட்டுத்தனமாக வெடிப்பவனைப் பிடிக்க வேண்டுமே. 1958இல் அமெரிக்கா, சோவியத் இரு தரப்பு விஞ்ஞானிகளும் ஜெனீவாவில் கூடி மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான்: நிலத்தடியில் வெடித்தால் நிலநடுக்கத்திலிருந்து எப்படிப் பிரித்துச் சொல்வது? வெடிப்பு நாலா பக்கமும் ஒரே மாதிரி வெளியே தள்ளும். நிலநடுக்கத்தில் பாறை சறுக்குவதால் ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும், மேற்பரப்பு அலைகளும் பலமாக வரும். இதைப் பிடிக்க உலகெங்கும் பதித்த கருவிகள்தான் பிறகு நிலத்தட்டுகள் நகர்வதற்கும் சாட்சி சொல்லின. குண்டுக்காக வைத்த காதுக்குப் பூமியே பாடம் நடத்தியது.

இப்போது இந்தக் காவல் வேலையைச் செய்வது வியன்னாவில் இருக்கும் சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பு, அதன் திட்டப்படி 337 இடங்கள். நில அதிர்வு, கடலடி ஒலி, காதுக்கு எட்டாத தாழ்ஒலி, காற்றில் கதிரியக்கத் துகள், வாயு. வட கொரியா 2013 பிப்ரவரியில் வெடித்ததன் செனான் வாயு ஏப்ரலில் ஜப்பானின் டகசாகி நிலையத்தில் மாட்டியது. எதனோடும் சேராத வாயு, பாறை இடுக்கில் கசிந்து வெளியே வந்துவிடுகிறது. எனக்கு இது திருவிழா பார்க்கிற மாதிரி.

இனித்தான் நான் தொண்டை அடைத்து நின்ற இடம். 2004 டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ரா அருகே பூமி பிளந்தது. அந்த அதிர்வை இந்த நிலையங்கள் பதிவு செய்தன. இந்தியப் பெருங்கடலின் நடுவே தியகோ கார்சியா தீவருகே கடலுக்குள் இருக்கும் ஒலிவாங்கிகளுக்கு ஏறத்தாழ அரை மணியில் சத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரம் பிடித்தது. வெடித்தவன் யார் என்று பார்ப்பதுதான் அந்த அமைப்புக்கு இட்ட வேலை. கடலோரத்துக்காரனுக்குச் சொல்வது யார் வேலையும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் கணிப்பும் அளவைக் குறைத்தே சொன்னது. ஆகவே அந்தப் பதிவுகள் உடனே கிடைத்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, மேடையிலும் சொல்லவில்லை. ஆனால் சுனாமி மையங்களுக்குத் தகவல் கொடுக்கலாம் என்று 2006இல் முறையாக முடிவெடுத்தார்களே, அதற்கு இவ்வளவு பிணம் வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் மைக் போயிற்று.

காகிதம் என்கிறாயே, அது பாதி உண்மைதான். 1996இல் எழுதிய சோதனைத் தடை ஒப்பந்தம் இன்னும் அமலுக்கு வரவில்லை. அணு உலை வைத்திருந்த 44 நாடுகளும் கையெழுத்துப் போட்டு, பிறகு அதை முறைப்படி உறுதிசெய்து ஏற்புறுதி அளித்தாக வேண்டும். அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்தோடு சரி, ரஷ்யா முன்பு தந்த ஏற்பை 2023இல் திரும்பப் பெற்றது, நாமும் பாகிஸ்தானும் வட கொரியாவும் கையெழுத்தே போடவில்லை. தாலி கட்டாமலேயே குடித்தனம் நடக்கிறது. ஆனாலும் நடக்கிறது பார்.

1998 மே மாதம் நாம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தபோது நீ தெருவெல்லாம் லட்டு கொடுத்தது நினைவிருக்கிறது. அமெரிக்கச் செயற்கைக்கோளின் கண்ணில் மண்ணைத் தூவினோம் என்று ஆடினாய். பூமியின் காதில் தூவ முடியவில்லையே? 11ஆம் தேதி வெடித்தது உலகமெங்கும் பதிவாயிற்று. 13ஆம் தேதி வெடித்த குட்டிகள் பதிவாகவில்லை என்று நீ உடனே துள்ளுவாய்; சரி, ஒப்புக்கொள்கிறேன், அந்த அளவு சிறிய வெடிப்பு நழுவத்தான் செய்யும். அன்றிலிருந்து சோதனை செய்யமாட்டோம் என்று நாமாகவே சொல்லி, சொன்னபடி இருக்கிறோம். அப்படியிருக்க, வெளியே நிற்பதில் நமக்கு என்ன லாபம் என்பதுதான் என் கேள்வி. பெரிய நாடுகள் குண்டை வைத்துக்கொண்டு நமக்கு மட்டும் பூட்டுப் போடுகிறார்கள் என்ற பழைய பதிலைத் தராதே. அது நியாயமான பதில், அதனால்தான் எரிச்சல் வருகிறது. வேறு ஏதாவது யோசித்து எழுது.

இன்னொன்று. உன் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கௌரிபிதனூர் இருக்கிறது. 1960களில் பிரிட்டன் துணையோடு நம் அணுசக்தித் துறை அமைத்த நில அதிர்வு நிலையம், பிறர் வெடிப்பதைக் கேட்கத்தான். இத்தனை வருடம் அங்கே இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னாயா? தை பிறந்ததும் வருகிறேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வெளிக்கதவு வரைக்கும் கூட்டிப் போ, போதும். கமலாவும் வருகிறாள், பஸ்ஸில் ஒத்துக்கொள்ளாது, ரயிலுக்கு டிக்கெட் பார்த்துச் சொல்.

உன்,
கலியபெருமாள்