மன்றாட்டு ஜெபக்குழு: 2024ஆம் ஆண்டுக்கான செயலர் அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயரவர்களுக்கும், ஜெபக்குழுத் தலைவி அம்மாவுக்கும், சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

இந்த ஆண்டும் வெள்ளிக்கிழமை மாலை மன்றாட்டு ஜெபம் லிங்கராஜபுரத்தில் தலைவி அம்மா வீட்டில் நடந்தது. மாதக் கடைசி வெள்ளியில் முழு இரவு ஜெபம். கிறிஸ்துமஸ் கீதபவனி வாரத்தில் மட்டும் கூடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஹொரமாவுப் பக்கம் போர்வெல்கள் வற்றிவிட்டன. டேங்கர் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாமல் நம் குடும்பங்கள் சில வீட்டைவிட்டு நகர முடியாமல் இருந்தன. நாங்கள் அவர்கள் பெயர்களை ஜெப நோட்டில் எழுதி வாரந்தோறும் வாசித்து ஜெபித்தோம். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஒரு அக்கா எப்படியோ வந்தார். "என் பேரை வாராவாரம் வாசிக்கிறீங்க, சந்தோஷம். ஆனா ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வரலையே" என்றார். நோட்டில் எழுதியவன் நான். என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது, நேரமும் இருந்தது, போகவில்லை. சபையார் முன் அதை ஒப்புக்கொள்கிறேன்.

தலைவி அம்மா அன்றைக்குப் பதில் ஒன்றும் பேசவில்லை. காவிரித் தண்ணீர் அடுத்த முறை வந்ததும் தம் வீட்டு சம்ப்பை (தரையடித் தண்ணீர்த் தொட்டியை)த் திறந்துவைத்து, கேன் கொண்டுவரச் சொல்லி எல்லாருக்கும் போன் செய்தார். தம் வீட்டில் துணி துவைப்பதை வாரம் ஒரு தடவையாகக் குறைத்துக்கொண்டார். வாலிபர் சங்கத் தம்பிகள் ஈஸ்டர் தாண்டியும் கேன் சுமந்தார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

அந்த நாட்களில்தான் யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தைத் தியானித்தோம். பொன் கன்றுக்குட்டியை வணங்கிய இஸ்ரவேல் ஜனத்தை அழித்துவிட்டு மோசேயைப் பெரிய ஜாதியாக்குவதாகக் கர்த்தர் சொல்கிறார். மோசே சரி என்று சொல்லியிருந்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவரோ இவர்களை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடும் என்று மன்றாடுகிறார். கர்த்தர் அவர் பெயரை எடுக்கவில்லை. பிறருக்குப் பதிலாகத் தம்மையே முழுவதும் கொடுத்தவர் கல்வாரிச் சிலுவையில் இயேசு ஒருவர்தான். அந்த அதிகாரத்தை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியபிறகு வாசித்தது இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் ஒருநாள் தியானக் கூட்டத்தில் ஐயரவர்கள் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிப் பேசினார்கள். டோனாவூர் அம்மா என்று திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குத் தெரியும். 1895இல் இந்தியாவுக்கு வந்த அவர் முதலில் ஊழியம் செய்தது நம் பெங்களூரில்தான் என்பது எங்களில் பலருக்குப் புதுச் செய்தி. 1931இல் விழுந்து காயப்பட்டபின் 1951இல் மரிக்கும்வரை ஏறக்குறைய அறைக்குள்ளேயே இருந்தார். படுக்கையிலிருந்தே டோனாவூரில் தாம் வளர்த்த பிள்ளைகளுக்காக ஜெபித்தார், எழுதினார், வழிநடத்தினார்.

அதைக் கேட்டதும் எங்களுக்கு நினைவு வந்தது, இடுப்பு எலும்பு முறிந்து கம்மனஹள்ளியில் படுத்திருக்கிற நம் பாட்டி. வர முடியாதவர் என்று அவர் பெயரை ஜெப நோட்டில் எழுதியிருந்தோமே தவிர, எங்களோடு ஜெபிக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லை. செப்டம்பரிலிருந்து நோட்டு வாரத்தில் நான்கு நாள் அவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே என்ன நடந்தது என்று கேட்டு எழுதவைக்கிறார். வேலை போன தம்பிக்கு வேலை கிடைத்ததா என்று எங்களைவிட அவருக்குத்தான் முதலில் தெரிகிறது.

இப்போது குழுவில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். நோட்டில் ஒரு பெயரை எழுதுகிறவர் அந்த மாதத்துக்குள் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். குழுப் பொறுப்பில் இருப்பவர்கள் முதலில். அதனால் இந்த ஆண்டு நோட்டில் பெயர்கள் குறைந்திருக்கின்றன. அதைக் குறையாக நாங்கள் நினைக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தலைவி அம்மா பொறுப்பை இளையவர்களிடம் கொடுக்க விரும்புகிறார். தேர்தல் இந்தக் கூட்டத்தின் முடிவில் நடக்கும்.

நோட்டு இப்போது பாட்டி வீட்டில் இருக்கிறது. பெயர் எழுத வேண்டியவர்கள் வியாழக்கிழமைக்குள் அங்கே போய் எழுதலாம். மாலை நான்கு மணிக்குமேல் போனால் பாட்டி விழித்திருப்பார்.

செயலர்