மாடிக் கடிகாரத்துக்கு ஒரு பேர்

காலடிப்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்கு மன்னித்துவிடு. அம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு பிரித்ததும் முதலில் கேட்டது உன்னைத்தான். "ஓசூர் போனவன் கல்யாணப் பத்திரிகையை நேர்ல வந்து வைப்பானா, தபால்ல அனுப்புவானா?" என்றார். நீயே பதில் சொல்லிக்கொள்.

இந்த மூன்று வாரமும் என் மனசை அரித்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று இருக்கிறது. அதை முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடியவன் நீ ஒருத்தன்தான். நான் பராமரிப்பு பார்க்கும் கண்டெய்னர் யார்டில், போன மாதம் ஒரு டிரெய்லர் டிரைவர் கேட்டில் நின்று அழாத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கப்பலுக்கான கட்-ஆஃப், அதாவது கண்டெய்னர் உள்ளே வரக் கடைசி நேரம், மாலை 6 மணி. கேட் ஸ்லிப்பில் 6:00 என்று அடித்திருந்தது. "சார், என் போன்ல இன்னும் அஞ்சு அம்பத்தொம்போதுதான் சார்" என்று போனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். யாரும் கேட்கவில்லை. கேட் கம்ப்யூட்டர் 6, கேமரா 6, எடைமேடை 6. மூன்றும் ஒன்றாகச் சொன்னால் போனையா நம்புவார்கள்? கண்டெய்னர் அந்தக் கப்பலைத் தவறவிட்டது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ரெண்டு நாள் வண்டியிலேயே படுத்துக் கிடந்தார் அந்த மனுஷன்.

அவர் சொன்னது உண்மை. யார்டின் மொத்தக் கடிகாரமும் ஒன்றரை நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி என்று கேள். மாடியில் ஜிபிஎஸ் ஆன்டெனா. கீழே ஒரு லினக்ஸ் பெட்டி. அதில் பழைய என்டிபி, கம்ப்யூட்டர்களின் நேரத்தை ஒத்துப்போக வைக்கும் நிரல். எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்தது. கான்ஃபிக் ஃபைலில் ரெண்டு கடிகாரம் இருந்தது: 127.127.20.0, 127.127.1.0. என்டிபியை உருவாக்கிய டேவிட் மில்ஸ் வகுத்த முறை உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாவது எண் எந்த டிரைவர் (கருவியோடு பேசும் நிரல் துண்டு), நான்காவது எண் அதில் எத்தனையாவது கருவி. 20 என்றால் என்எம்இஏ வாக்கியம், அதாவது நேரமும் இடமும் சொல்லும் எழுத்து வரி, பேசும் ஜிபிஎஸ். 1 என்றால் பெட்டியின் சொந்தக் கடிகாரம். தூரத்து சர்வரையும் பக்கத்துக் கருவியையும் ஒரே மாதிரி எழுதலாம், நிரலும் ரெண்டையும் ஒரே மாதிரி நடத்தலாம். அழகான யோசனைதான். ஆனால் அதைப் படிக்கிறவன் கண்ணுக்கு அது ஐபி முகவரியாகவே தெரிகிறது. நம்ம பையன் ஒருத்தன் சந்தேகப்பட்டு 127.127.20.0-க்கு பிங் போட்டு, பதில் வருகிறதா என்று பார்த்திருக்கிறான். லினக்ஸில் 127-ல் தொடங்கும் முகவரி எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே சுற்றி வருவதுதானே, பதில் வந்துவிட்டது. "ஜிபிஎஸ் சர்வர் உயிரோடதான் சார் கீது" என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கருவிக்கு முகவரி மாதிரி ஒரு பேரை வைத்தால் அவன் வேறென்ன செய்வான்?

ஜிபிஎஸ் செத்த கதை இன்னும் வயிற்றெரிச்சல். அந்தப் பெட்டியில் பழைய சீரியல் கருவிகளை யுஎஸ்பியில் இணைக்கும் கன்வெர்ட்டர் ரெண்டு. ஒன்று ஜிபிஎஸ்ஸுக்கு, ஒன்று எடைமேடை இண்டிகேட்டருக்கு. ஐந்து மாதம் முன்பு ஒரு ராத்திரி கரன்ட் போய் வந்தபோது ரெண்டும் இடம் மாறிவிட்டன. போர்ட் எண் 0 ஆக இருந்தது 1, 1 ஆக இருந்தது 0. என்டிபி டிரைவர் தேடுவது ஜிபிஎஸ்0 என்ற பேரை. அந்தப் பேர் நேராக எடைமேடையைக் காட்டிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் நேரம் கேட்டவனுக்கு லாரியின் எடை வந்தது. எடை வராவிட்டால் யார்டு நின்றுவிடும் என்பதால் எடை மென்பொருளில் மட்டும் போர்ட்டை மாற்றி அன்றைக்கே ஓட்டிவிட்டார்கள். கடிகாரத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். ஜிபிஎஸ் போனதும் 127.127.1.0 தலைமைக்கு வந்துவிட்டது. என்டிபி காட்டும் பட்டியலில் அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி, இப்போது பின்பற்றுவது இதைத்தான் என்று அர்த்தம். ரீச் 377, அதாவது கடைசி எட்டு முறையும் பதில் வந்திருக்கிறது. வித்தியாசம் 0.000. தன்னைத் தானே அளந்துகொண்டால் பூஜ்யம் வராமல் என்ன வரும்? ஐந்து மாதமாக அந்தப் பெட்டி சொன்னதைக் கேட், கேமரா எல்லாம் அப்படியே வாங்கிக்கொண்டன. பெட்டியின் கடிகாரத்தை ஓட்டும் படிகம் எவ்வளவு வேகம் தப்பும் என்ற பழைய திருத்தம் டிரிஃப்ட் ஃபைலில் இருந்தது உண்மைதான். ஆனால் அது மார்கழிக் குளிரில் கணக்கிட்டது. சித்திரை வெயிலில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் அது எப்படிச் சரியாக இருக்கும்? ஒரு நாளைக்கு 0.6 விநாடிதான் தப்பு. பத்து லட்சத்தில் ஏழு பங்கு. 150 நாளில் 90 விநாடி.

புதிதாக அமைக்கும்போது என்டிபியிலிருந்து பிரிந்து வந்த என்டிபிசெக் போட்டேன். அதில் டிரைவருக்கு எண் இல்லை, பேர்தான். 'ரெஃப்கிளாக்' என்று தொடங்கி என்எம்இஏ, யூனிட் 0 என்று எழுதினால் போதும். எந்தப் போர்ட், எத்தனை பாட் வேகம், எவ்வளவு திருத்தம் எல்லாம் அதே வரியில். முன்பு திருத்தத்துக்கு ஃபட்ஜ் என்று தனி வரி எழுதி அங்கேயும் அந்த எண்ணைத் தப்பில்லாமல் திரும்ப எழுத வேண்டும். பழைய ஃபைலில் மோட் 17 என்று இருந்ததற்கு அர்த்தம் கண்டுபிடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. 1 என்றால் என்எம்இஏவில் ஆர்எம்சி என்ற வகை வாக்கியம், 16 என்றால் 9600 வேகம், ரெண்டும் சேர்ந்து 17.

போர்ட் பேர் மாறாமல் இருக்க யூடெவ் (லினக்ஸில் கருவிகளுக்குப் பேர் வைக்கும் பகுதி) விதி எழுதினேன். நம்ம ரெண்டு கன்வெர்ட்டரும் ஒரே மலிவு சிப், சீரியல் எண் கிடையாது. அதனால் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பேர் கட்டினேன். துளைக்குப் பக்கத்தில் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறேன். உன் கன்வெர்ட்டர் எஃப்டிடிஐ கம்பெனி சிப் என்றால் சீரியல் எண்ணை வைத்தே செய், அதுதான் உறுதி.

என்எம்இஏ வாக்கியம் விநாடி பிறந்து கொஞ்சம் கழித்துத்தான் வந்து சேரும். 9600 வேகத்தில் 80 எழுத்து கடக்கவே 80 மில்லிவிநாடிக்கு மேல். ரிசீவர் யோசிக்கும் நேரம் தனி. ரெண்டு நாள் வெளி சர்வர்களோடு ஒப்பிட்டு 0.38 விநாடி திருத்தம் வைத்தேன். ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு முறை தரும் பிபிஎஸ் துடிப்பு எடுத்தால் இன்னும் துல்லியம் வரும், ஆனால் கேட்டுக்கு அது தேவையில்லை. 127.127.1.0 வரியை அழித்தேன். மேனேஜரிடம் மன்றாடி நெட்வொர்க்கில் என்டிபிக்கான 123 போர்ட்டைத் திறக்க வைத்து, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரையும் இன்னும் ரெண்டையும் துணைக்குச் சேர்த்தேன். ஜிபிஎஸ் ரீச் பூஜ்யம் ஆனால் கேட் அறையில் மணி அடிக்கும். நேரத்தை ஒன்றரை நிமிடம் பின்னால் இழுத்தது ஞாயிறு ராத்திரி, வண்டி எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து.

கடிகாரத்தின் அடையாளப் பேருக்கு நான்கு எழுத்துதான் இடம். ஜிபிஎஸ் என்றே வைத்திருந்தேன். பையன்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. "மாடி வருது சார்", "மாடி போச்சு சார்" என்றுதான் பேச்சு. ஆங்கிலத்தில் எழுதினாலும் மாடி நாலே எழுத்து. அதையே வைத்துவிட்டேன். நம்ம ஊரே அப்படித்தானே? 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட் பேட்டை, ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்றைக்கு மெட்ரோ ஸ்டேஷனுக்கும் அதே பேர்.

சின்ன வயதில் பெரம்பூரில் உங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மில் சங்குக்கு வாட்ச் திருப்பி வைத்தோமே, அதுதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது. சங்கு தப்பாக ஊதினால் பேட்டை முழுக்கத் தப்பு. ஆனாலும் அது எந்த மில்லின் சங்கு என்று எல்லோருக்கும் தெரியும். போய்க் கேட்க ஒரு வாசல் இருந்தது.

அந்த டிரைவரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். கேட் கடிகாரம்தான் தப்பு என்று யார்டு லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி அவர் முதலாளிக்கு அனுப்பியிருக்கிறேன். ரெண்டு நாள் பேட்டாவைப் பிடித்திருந்தார்களாம். திரும்பக் கொடுத்தார்களா என்று இன்னும் தகவல் இல்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி கூப்பிடப் போகிறேன்.

உன் ஓசூர் பெட்டியிலும் 127.127.1.0 இருக்கிறதா என்று நாளைக்கே பார்த்து, பட்டியலை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு. பத்திரிகை வைக்க வரும்போது ஞாயிற்றுக்கிழமையாக வா. விடிகாலையில் காசிமேடு போய் மீன் வாங்கி வரலாம். அம்மா தன் கையால் குழம்பு வைப்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்