அலசியும் போகாத மணல்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்றிரவு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாலைவனப் புல்லைப் பிடுங்கினால் வேரோடு மணலும் வருகிறது, மூன்று முறை அலசியும் போகவில்லை என்று சலித்துக்கொண்டாயே, நல்லவேளை போகவில்லை! அது அழுக்கல்ல, வேர் தானே நெய்துகொண்ட உறை. வேர்த்தூவிகள் மணலைப் பின்னிப் பிடிக்கின்றன. வேரும் நுண்ணுயிர்களும் சுரக்கும் பசை அதை இறுக்கிவிடுகிறது. 1887-லேயே வோல்கென்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் எகிப்துப் பாலைப் புற்களில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

கோடையில் மேல்மண் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வேர் சுருங்கும். வெறும் வேரானால் மண்ணைவிட்டு விலகிப்போகும். உறை அந்தப் பிடியை விடுவதில்லை. அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் சில காற்றின் நைட்ரஜனைப் பிடித்துப் புல்லுக்குத் தருகின்றன. வாடகையாக வேர் சர்க்கரை கசியவிடுகிறது.

எல்லோரும் இந்த நுண்ணுயிர்கள் வறட்சியைத் தாங்குவதைத்தான் வியக்கிறார்கள். எனக்கோ முதல் மழைதான் பெரிய கண்டமாகத் தெரிகிறது. காய்ந்த மாதங்களில் நுண்ணுயிர்கள் ட்ரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளைச் செல்லுக்குள் சேர்த்துவைத்து, இருக்கும் ஈரத்தை இழக்காமல் முடங்கிக் கிடக்கின்றன. (உறைபனியையும் பல உயிர்கள் இதே உபாயத்தால்தான் சமாளிக்கின்றன.) திடீரென்று மழை கொட்டினால் அந்தச் சேமிப்பே வினையாகிவிடும். தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் உப்பும். சேர்த்ததைச் சட்டென்று வெளியே கொட்டியவை பிழைக்கும். தாமதித்தவை வெடித்துச் சாகும். கொட்டியதையும் செத்தவற்றையும் பிழைத்தவை தின்று தீர்க்க, சில மணி நேரத்திலேயே மண்ணிலிருந்து கரியமில வாயு குபுகுபுவென்று கிளம்பும். 1958-இல் இதை ஆராய்ந்து எழுதிய பிர்ச்சின் பெயரால்தான் 'பிர்ச் விளைவு' என்கிறார்கள். அந்தக் களேபரத்தில் விடுபடும் நைட்ரஜனில் ஒரு பங்கு புல்லுக்கும் போகும். மழைக்குப் பிறகு நீ பார்க்கும் பச்சையில் அந்தச் சாவுகளும் கலந்திருக்கின்றன.

ஆகையால் இனி அலசாதே. வேரை மெல்ல உதறு; உதிர்வதை ஒரு பையிலும், உதிராமல் ஒட்டியிருப்பதைச் சுரண்டி இன்னொரு பையிலும் போடு. மழை பெய்த அன்று ஒரு தடவை, பத்து நாள் கழித்து மறு தடவை எடு. பையின்மேல் தேதி எழுத மறக்காதே. போன முறை எழுதாமல் விட்டுவிட்டு என்னிடம் கேட்டாய், எனக்கு எப்படித் தெரியும்?

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா